ரிலீஸ் செய்ததும் சிலருக்கு மட்டும் வெள்ளைத் திரை, ஆர்சிங்க்தான் காரணமா?

கருப்புத்திரை எழுதியது:
வணக்கம். சின்ன ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஆப், பில்டுக்கு, அதாவது கோடைப் பிரவுசருக்கான ஃபைல்களாக மாற்ற, வீட் என்ற டூல். லேப்டாப்பில் 'என்பிஎம் ரன் பில்ட்' ஓட்டி, அப்புறம் பில்ட் வந்து விழும் டிஸ்ட் ஃபோல்டரை 'ஆர்சிங்க் --டிலீட்' (ஃபைல்களை நகலெடுத்து, இங்கே இல்லாததை அங்கே அழிக்கும் கமாண்ட்) போட்டு விபிஎஸ்ஸுக்கு (வாடகை சர்வர்) அனுப்புகிறேன், அங்கே வெப் சர்வர் எஞ்சின்எக்ஸ். ஒவ்வொரு ரிலீஸுக்குப் பிறகும், ஏற்கெனவே ஆப்பைத் திறந்து வைத்திருப்பவர்கள் ஏதாவது மெனுவைத் தட்டினால் வெள்ளைத் திரை வருகிறது என்கிறார்கள், ரிஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடுகிறது. கன்சோலில் பார்த்தால் ஜாவாஸ்கிரிப்ட் வர வேண்டிய இடத்தில் 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' வந்ததாகச் சிவப்பு வரி. ஃபைல் இல்லையென்றால் 404 (கிடைக்கவில்லை) தானே வரணும், எப்படி 200 (சரி) வருகிறது? சர்வரிலேயே பில்ட் செய்யலாம் என்றால் 1 ஜிபி ராமில் பாதியிலேயே 'கில்டு' என்று நின்றுவிடுகிறது. குபர்நெட்டிஸ் மாதிரிப் பெரிய ஏற்பாட்டின் பக்கம் போகச் சொல்லாதீர்கள், ப்ளீஸ்.

பழைய_டெர்மினல் எழுதியது:
ஆர்சிங்க் பாவம், சொன்னதைத்தான் செய்கிறது. வீட் ஒவ்வொரு சங்க் (ஆப்பை உடைத்த துண்டு) ஃபைலின் பெயரிலும் ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியீடு) சேர்க்கும், உள்ளே மாறினால் பெயரும் மாறும். பழைய டேப் பழைய பெயரைக் கேட்கிறது, அதை உங்கள் --டிலீட் அழித்துவிட்டது. 200 வருவதற்குக் காரணம் எஞ்சின்எக்ஸ் கான்ஃபிக்கில் 'ட்ரை_ஃபைல்ஸ்' வரியின் கடைசியில் இருக்கும் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல். எது இல்லாவிட்டாலும் அதைத் தூக்கிக் கொடுத்துவிடும். சங்க் ஃபைல்கள் இருக்கும் /அசெட்ஸ்/ ஃபோல்டருக்கு எஞ்சின்எக்ஸ் கான்ஃபிக்கில் தனி லொக்கேஷன் எழுதி அங்கே மட்டும் '=404' என்று முடியுங்கள். இதை விட்டுவிட்டு அசெட்ஸுக்கு ஒரு வருஷ கேஷ் (31536000 வினாடி) வைத்தீர்கள் என்றால், ஜேஎஸ் பெயரில் வந்த அந்த எச்டிஎம்எல்லையே பிரவுசர் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் கூடும். இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்லுக்கு 'நோ-கேஷ்' (ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார்க்கச் சொல்வது) கட்டாயம்.

இரவுக்காவலன் எழுதியது:
ப்ரோ, ரிலீஸஸ் என்று ஒரு ஃபோல்டர், ஒவ்வொரு பில்டும் அதற்குள் தேதி பெயரில், 'கரண்ட்' என்ற சிம்லிங்க் (வேறு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) புதியதைக் காட்டும். கேப்பிஸ்ட்ரானோ என்ற டிப்ளாய் டூல் காலத்திலிருந்து இருக்கும் வழிதான். சிம்லிங்க்கை முதலில் வேறு பெயரில் உருவாக்கி 'எம்வி -டி' (பெரிய எழுத்து T) யால் கரண்ட் மேல் மாற்றுங்கள், ஒரே அடியில் மாறும், நடுவில் பாதி புதுசு பாதி பழசு என்ற நிலையே வராது. அந்த -டி இல்லாவிட்டால் புது லிங்க் பழைய ஃபோல்டருக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஏதாவது சொதப்பினால் முந்தைய ஃபோல்டருக்குத் திருப்பிவிட ஒரு வரி போதும்.

பழைய_டெர்மினல் எழுதியது:
நல்ல முறைதான், ஆனால் இவர் கேட்ட நோய்க்கு மருந்து இது இல்லையே. கரண்ட் மாறிய நொடியிலேயே பழைய சங்க் அந்த முகவரியில் கிடைக்காது, பழைய டேப்புக்கு அதே வெள்ளைத் திரைதான். அசெட்ஸை ரிலீஸுக்கு வெளியே பொதுவாக வையுங்கள், அல்லது சிம்லிங்க்கே வேண்டாம் என்றால் ஆர்சிங்க்கை இரண்டாக உடையுங்கள்: முதலில் --டிலீட் இல்லாமல் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் தவிர எல்லாம், அது முடிந்த பிறகே இண்டெக்ஸ்.எச்டிஎம்எல். வரிசை முக்கியம், தலைகீழாகப் போனால் இன்னும் வந்து சேராத ஃபைலைப் புதுப் பக்கம் கேட்கும். டிஸ்ட்டுக்குப் பின்னால் சாய்கோடு போட மறந்தால் அங்கே தனியாக ஒரு டிஸ்ட் ஃபோல்டர் முளைக்கும், முதல் தடவை '--ட்ரை-ரன்' (எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும்) போட்டுப் பாருங்கள்.

கருப்புத்திரை எழுதியது:
404 மாற்றிவிட்டேன், இப்போது கன்சோலில் உண்மையான பிழை தெரிகிறது, நன்றி. பழைய ஃபைல்கள் சேர்ந்துகொண்டே போகுமே? 'ஃபைண்ட்' வைத்து 30 நாளுக்கு மேலானதை அழிக்க ஒரு க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) போடட்டுமா?

இரவுக்காவலன் எழுதியது:
க்ரான் வேண்டவே வேண்டாம்! ஒரு மாதம் ரிலீஸே இல்லை என்று வையுங்கள், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல்களுக்கும் 30 நாள் தாண்டியிருக்கும், அவற்றையும் சேர்த்து அழித்துவிடும். அந்த ஃபைண்ட்டை ரிலீஸ் ஸ்கிரிப்டின் கடைசி வரியாக வையுங்கள். 'ஆர்சிங்க் -ஏ' ஃபைலின் நேரத்தையும் கொண்டுபோகும், அதனால் அப்போதுதான் அனுப்பியவை எல்லாம் புதிதாகவே இருக்கும்.

அரைக்கப்_காபி எழுதியது:
பில்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்த 'கில்டு' கெர்னல் செய்த வேலை, நினைவகம் தீர்ந்தால் பெரிய ப்ராசஸைக் கொன்றுவிடும். ஸ்வாப் (டிஸ்க்கை ராம் போலப் பயன்படுத்துவது) சேர்த்தால் ஓடும், ஆனால் ஆமை வேகம், அந்த நேரம் உங்கள் ஆப்பும் திணறும். லேப்டாப்பிலேயே செய்யுங்கள். 'என்பிஎம் இன்ஸ்டால்' இடத்தில் 'என்பிஎம் சிஐ', அது லாக் ஃபைலில் (பேக்கேஜ்களின் சரியான பதிப்புகளைக் குறித்த ஃபைல்) உள்ளதை அப்படியே போடும், பேக்கேஜ்.ஜேசனோடு பொருந்தாவிட்டால் நின்றுவிடும். ஸ்கிரிப்டின் மேலே 'செட் -இ' (பிழை வந்தால் அங்கேயே நிறுத்தும் வரி) இருக்கிறதா? இல்லையென்றால் டைப்ஸ்கிரிப்ட் பிழையில் பில்ட் விழுந்தாலும் அடுத்த வரி ஓடும், பழைய டிஸ்ட்டே மறுபடி சர்வருக்குப் போகும், ரிலீஸ் ஆகிவிட்டது என்று நீங்கள் டீ குடிக்கப் போய்விடுவீர்கள். மிச்சம் மீதி வெள்ளைத் திரைக்கு சங்க்கை ஏற்ற முடியாதபோது வரும் 'வீட்:ப்ரீலோட்எரர்' என்று ஒரு ஈவண்ட் இருக்கிறது, அதைப் பிடித்துப் பக்கத்தை ரீலோட் செய்யலாம். ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருப்பவர் எழுதியதெல்லாம் போய்விடும் என்பதால் நானாக இருந்தால் 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்று ஒரு பட்டனைக் காட்டி அவரையே அழுத்தச் சொல்வேன்.