மூன்று வாரச் சந்தைகள்: புதன் சாட்டிகோனா, வியாழன் ஒனுகுடெல்லி, வெள்ளி குந்துலி

குடும்ப அரட்டைக் குழு: பெரிய வீடு

அண்ணன்: டிசம்பர் விடுமுறைக்கு ஒடிசா மலைப்பக்கம் போகலாம் என்று இருக்கிறேன். கோராபுட் பகுதிக்கு ஒரு சுற்றுலாக்காரர் விளம்பரம் அனுப்பியிருக்கிறார். நாற்பது பேர் ஏறும் பஸ். பழங்குடிக் கிராமத்தில் ஒரு இரவு, நெருப்பைச் சுற்றி நடனம், போண்டா என்ற பழங்குடிப் பெண்களோடு படம், எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம். யாரெல்லாம் வருகிறீர்கள்?

தங்கை: நான் தயார்.

பெரியப்பா: கோராபுட் என்றால் என்னையும் சேர்த்துக்கொள். ஜெய்ப்பூரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அண்ணி: அது ராஜஸ்தானில் அல்லவா இருக்கிறது, பெரியப்பா?

பெரியப்பா: கோராபுட் மாவட்டத்திலும் ஒரு ஜெய்ப்பூர் உண்டு அம்மா. நெல்லைப் பற்றிப் படித்தவர்களுக்கு அந்த ஊர்தான் முதலில் நினைவுக்கு வரும். நம் எம்.எஸ். சுவாமிநாதன் பெயரில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு மையம் வைத்து, மலை மக்களோடு சேர்ந்து பழைய நெல் ரகங்களைக் காத்து வருகிறது. கமலா பூஜாரி என்ற பழங்குடிப் பெண் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களைச் சேர்த்து வைத்தார். 2019-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2024-இல் காலமானார்.

சித்தி: இப்போதுதான் பார்க்கிறேன். தாராளமாக வாருங்கள், விசாகப்பட்டினத்தில் நம் வீட்டில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அந்த பஸ் மட்டும் வேண்டாம்.

அண்ணன்: ஏன் சித்தி? கட்டணம் குறைவு. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

சித்தி: போண்டா மக்கள் மொத்தமே 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 12,000 பேர்தான். அவர்கள் ஊருக்குள் நாற்பது பேர் இறங்கினால் அந்த ஊரில் அன்றைக்கு வேறு எந்த வேலையும் நடக்காது. இப்படிப்பட்ட தொன்மைப் பழங்குடிகளின் கிராமங்களுக்குள் சுற்றுலாக்காரர்கள் போவதற்கும் படம் எடுப்பதற்கும் ஒடிசா அரசு 2012-இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அது இருக்கும்போதே ஒருவர் இரவுத் தங்கலும் படமும் விற்கிறார் என்றால் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வரவில்லை.

அம்மா: அப்படியானால் போகவே கூடாதா? குழந்தைகள் ஆசையாக இருக்கிறார்களே.

சித்தி: போகலாம் அக்கா. கிராமத்துக்குப் போகாமல் சந்தைக்குப் போகலாம். சித்தப்பா ரயில்வேயில் இருந்தபோது நாங்கள் கோராபுட்டில்தான் குடியிருந்தோம். எங்களுக்குக் காய்கறிக் கடை என்பதே வாரச் சந்தைதான். சந்தைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். விற்கவும் வாங்கவும் அவர்களே விரும்பி இறங்கி வரும் இடம் அது. அங்கே நீங்கள் பையோடு போனால் வாடிக்கையாளர். வெறுங்கையோடு கேமராவை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் அவர்களுக்கு இடைஞ்சல்.

தங்கை: எந்தச் சந்தை சித்தி?

சித்தி: வரிசையாக மூன்று இருக்கின்றன, நாளும் அழகாக அமைந்திருக்கிறது. புதன்கிழமை ராயகடாவுக்கு வடக்கே சாட்டிகோனா. வியாழக்கிழமை ஜெய்ப்பூரிலிருந்து தெற்கே போனால் ஒனுகுடெல்லி. வெள்ளிக்கிழமை செமிலிகுடாவைத் தாண்டிக் குந்துலி. மூன்றும் மூன்று விதம்.

நான்: சாட்டிகோனாவில் யார் வருவார்கள்?

சித்தி: நியம்கிரி மலையிலிருந்து டோங்ரியா கோந்த் மக்கள். இஞ்சி, மஞ்சள், அன்னாசி, வாழை எல்லாம் அந்தச் சரிவுகளில் அவர்கள் விளைவித்தவை. விடியும் முன்னே நடக்கத் தொடங்கி, கூடையோடு வரிசையாக இறங்குவார்கள். வெள்ளைச் சால்வையில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக முக்கோணம் முக்கோணமாகத் தையல் போட்டிருப்பார்கள். கப்டாகந்தா என்று பெயர். முக்கோணம் மலைக்கு அடையாளம். 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சித்தி: இதையும் சொல்லிவிடுகிறேன். சந்தைக்குள் நுழைவதற்கு முன்பே, பாதையிலேயே வியாபாரிகள் காத்திருப்பார்கள். ஒரு பெண் தலைச்சுமையை இறக்குவதற்குள் இரண்டு பேர் கூடையில் கை வைத்து இழுப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அளக்கும் படி வியாபாரியுடையது, விலையும் அவன் சொல்வதுதான். அவள் அந்தப் பணத்தில் உப்பும் கருவாடும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு மறுபடி மலை ஏற வேண்டும். அதனால் நாம் சந்தைக்குள் போய், தரையில் கடை பரப்பியிருக்கும் பெண்ணிடமே நேராக வாங்க வேண்டும். பேரம் பேசவே கூடாது. பத்து ரூபாயை மிச்சப்படுத்த நாம் ரயில் ஏறிப் போகவில்லை.

மாமா: இந்த மலையைத்தானே பாக்சைட் சுரங்கத்துக்காகக் கேட்டார்கள்?

சித்தி: ஆமாம் அண்ணா. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. பன்னிரண்டு ஊர்களில் சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. நீதிபதியின் முன்னிலையில், அரசு அதிகாரிகள் உட்கார்ந்திருக்க, தங்கள் மலை தங்களுக்கு என்ன என்பதை எழுந்து நின்று சொன்னவர்கள் அவர்கள். விளம்பரத்தில் அவர்களை ஆதிவாசி நடனக் குழு மாதிரி போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணன்: சித்தி, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் ஒரு கேள்வி. வெளியூர்க்காரர்கள் யாரும் வராமல் போனால் அந்தச் சால்வையை யார் வாங்குவார்கள்? நடனம் ஆடுகிறவர்களுக்கும் அது வருமானம்தானே?

சித்தி: நியாயமான கேள்வி. பணம் யார் கைக்குப் போகிறது என்று பார். நடனத்துக்கு நீ கொடுப்பது பஸ்காரரிடம் போய், வழிகாட்டியிடம் போய், கடைசியில் ஆடியவர்களுக்கு வந்து சேர்வது கொஞ்சம். சந்தையில் மஞ்சளுக்குக் கொடுப்பது அவள் முந்தானை முடிச்சுக்குள் போகிறது. தெம்சா என்ற வட்ட நடனம் அவர்கள் திருவிழாவில் தங்களுக்காக ஆடுவது. அழைத்தால் பார்க்கலாம்.

பெரியப்பா: சரியாகச் சொன்னாய்.

அண்ணி: ஒனுகுடெல்லி பற்றிச் சொல்லவில்லையே.

சித்தி: போண்டா மக்கள் இறங்கி வரும் சந்தை அதுதான். கதபா மக்களும் வருவார்கள். போண்டாப் பெண்கள் தலையை மழித்து மணிச்சரத்தால் கட்டியிருப்பார்கள், கழுத்தில் அடுக்கடுக்காக உலோக வளையம், இடுப்பு வரை தொங்கும் மணிகள். இடுப்பில் கட்டும் சிறிய துணியைத் தாங்களே மரநாரில் நெய்துகொள்வார்கள். வெளியூர் ஆட்கள் படம் எடுக்கத்தான் முண்டியடிப்பார்கள். படத்துக்குக் காசு கேட்கும் பழக்கமும் வந்துவிட்டது. கேமராவை வண்டியிலேயே வைத்துவிட்டு வர முடிந்தால் ஒனுகுடெல்லிக்குப் போகலாம். முடியாதென்றால் அன்றைக்கு ஜெய்ப்பூரிலேயே பெரியப்பாவோடு இருந்துவிடு.

அண்ணன்: மலையையும் வயலையும் எடுக்கலாம் அல்லவா?

சித்தி: ஆசை தீர எடு. டிசம்பர் தொடக்கம் வரைக்கும் உச்செள்ளு என்ற எண்ணெய்வித்துச் செடி பூத்து மலைச்சரிவே மஞ்சளாக இருக்கும். மனிதர்களை எடுப்பதென்றால் முதலில் கேள். தலையை ஆட்டி மறுத்தால் விட்டுவிடு. மறைந்து நின்று எடுப்பது வேண்டவே வேண்டாம்.

அண்ணன்: சரி. ஆனால் கேட்டுவிட்டு எடுப்பதில் தவறில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சித்தி: அதில் சண்டை இல்லை.

அம்மா: சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்? 

சித்தி: குந்துலியில் கவலையே இல்லை அக்கா. மிகப் பெரிய காய்கறிச் சந்தை அது, லாரி லாரியாக ஏற்றுவார்கள். பச்சைப் பட்டாணி, முள்ளங்கி, கிழங்கு வகைகள், காட்டுக் கீரைகள். மூங்கில் குருத்துகூட வரும். மண்டியா பேஜ் என்று கேழ்வரகுக் கூழ் கிடைக்கும், கொஞ்சம் புளித்து, வெயிலுக்கு அவ்வளவு இதமாக இருக்கும். மலையிலிருந்து வருகிறவர்கள் அதைச் சுரைக்குடுக்கையில் ஊற்றித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். சியாலி என்ற காட்டுக் கொடியின் இலையில் தைத்த தொன்னையில் குடிக்க வேண்டும். நம் வீட்டுக் கூழைப் போலவேதான், நீங்கள் குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மாமா: மருத்துவனாக நானும் ஒன்று சொல்ல வேண்டும். அது மலேரியா உள்ள பகுதி. முழுக்கைச் சட்டை, கொசுவலை, உடம்பில் தடவும் கொசு மருந்து, மூன்றும் கட்டாயம். திரும்பி வந்தபின் சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் உடனே ரத்தப் பரிசோதனை, போய் வந்த இடத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தங்கை: கழிப்பறை வசதி?

சித்தி: சந்தையில் எதிர்பார்க்காதே. காலையில் விடுதியிலேயே முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். சில்லறை நிறைய வேண்டும், பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக. ஐந்நூறு ரூபாயை நீட்டினால் அந்தப் பெண் பாக்கிக்காகப் பத்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும். துணிப்பையும் கொண்டு வா.

பெரியப்பா: நடுவில் கோட்பாட் என்ற நெசவாளர் ஊருக்கு ஒரு அரை நாள் கிடைக்குமா? நுணா மரத்தின் வேரிலிருந்து சாயம் எடுத்து நெய்கிறார்களே, அதைப் பார்க்க வேண்டும். ஒடிசாவில் புவிசார் குறியீடு பெற்ற முதல் கைத்தறி அது என்று படித்திருக்கிறேன்.

சித்தி: 2005-இல் அத்தான். நூலை விளக்கெண்ணெயும் சாணமும் சாம்பலும் சேர்த்துப் பல நாள் பதப்படுத்திவிட்டுத்தான் சாயத்தில் போடுவார்கள். அந்தக் காவிச் சிவப்பு எத்தனை முறை துவைத்தாலும் போகாது. சனிக்கிழமை ஜெய்ப்பூரிலிருந்து போய் வரலாம். நெசவாளர் வீட்டிலேயே வாங்கலாம், அங்கேயும் பேரம் வேண்டாம்.

அண்ணன்: அப்படியானால் பஸ் ரத்து. நாம் எத்தனை பேர்?

நான்: அண்ணன், அண்ணி, தங்கை, பெரியப்பா, சித்தி, நான். ஆறு பேர், ஒரே வண்டி போதும்.

சித்தி: அதற்கு மேல் யாரையும் சேர்க்காதே. ஓட்டுநர் கோராபுட்காரராக இருக்கட்டும், அந்தப் பகுதியின் பேச்சுமொழியான தேசியா தெரிந்தவராக. தெரிந்த ஒருவரிடம் சொல்லிவைக்கிறேன்.

பெரியப்பா: திரும்பும்போது அரக்கு வழியாக வரும் ரயிலில் வரலாம். சுரங்கம் சுரங்கமாகப் புகுந்து வருமே, அதைத் தங்கைக்குக் காட்ட வேண்டும்.

அண்ணி: சித்தி, மஞ்சள் எவ்வளவு வாங்கலாம்? ஒரு வருடத்துக்கு ஆகும் அளவுக்கு வாங்கி, இங்கே அரைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

சித்தி: வாங்கு அம்மா. ஒருத்தியிடமே மொத்தமாக வாங்காமல் நான்கைந்து பேரிடம் பிரித்து வாங்கு.

அம்மா: எனக்கும் இரண்டு கிலோ.

மாமா: எனக்கு ஒரு சால்வை. விலை எவ்வளவானாலும் சரி.

நான்: திங்கள் இரவு சென்னையிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு ஐந்து டிக்கெட் பார்க்கிறேன். செவ்வாய் மதியம் சித்தி வீட்டில் சாப்பாடு, மாலை ரயிலில் ராயகடா. பெரியப்பா, உங்களுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டிருக்கிறேன். எல்லோரும் ஆதார் எண்ணைத் தனியாக எனக்கு அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம்.