மறுசோதனை செய்யாத வலி வினாத்தாளைச் சரிபார்த்ததாகச் சொல்லலாமா?

அளவுகோல்:
புற்றுநோயாளிகளுக்கான வலி வினாத்தாளைப் பற்றி இந்த மன்றத்தில் தரவுமேசை என்ற பெயரில் எழுதுபவர் எழுதியதைப் படித்ததிலிருந்து என் எரிச்சல் அடங்கவில்லை. வலியை 0 முதல் 10 வரையிலான எண்களால் கேட்கும் பிரீஃப் பெயின் இன்வென்டரி என்ற அந்த வினாத்தாளை மொழிபெயர்த்தால் க்ரான்பாக் ஆல்ஃபா என்ற கெழு 0.9-ஐத் தாண்டுவதே போதுமானது என்றும், புற்றுநோய் வலி நாளுக்கு நாள் மாறுவதால் மறுசோதனைக்கு, அதாவது அதே தாளை அதே நோயாளியிடம் மீண்டும் கொடுத்துப் பார்ப்பதற்கு, இடமே இல்லை என்றும் அவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். ஆல்ஃபா காட்டுவது ஒரே நாளில், ஒரே அமர்வில், கேள்விகள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே. வலி மாறாத ஒருவரிடம் அதே தாளை மறுபடி கொடுத்தால் அதே எண் வருமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. வலி மருந்தின் அளவை இந்த எண்ணைப் பார்த்துக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். அப்படியிருக்க, எண் தானாகவே ஆடுகிறதா என்று பார்க்காமல் விடுவது பொறுப்பில்லாத செயல்.

தரவுமேசை:
நான் எழுதியதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கோபப்படுவது உங்களுக்குப் புதிதல்ல. அந்த வினாத்தாள் கேட்பது கடந்த 24 மணி நேரத்து வலியை. ஒரு வாரம் கழித்து மறுசோதனை வைத்தால் நீங்கள் அளப்பது வேறொரு வலியை. அதே நாளில் வைத்தாலோ, இரண்டு விடைகளும் ஒரே 24 மணி நேரத்தைப் பற்றியவையாகின்றன. நோயாளி முன்பு சொன்ன எண்ணை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வார். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

படுக்கையருகே:
இருவரும் நோயாளியை மறந்துவிட்டு எண்ணிக்கையில் சண்டையிடுகிறீர்கள். எலும்புக்குப் பரவிய புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் முதல் சில நாள்களில் வலி கூடவும் செய்யும், முழு நிவாரணம் வரச் சில வாரங்களும் ஆகும். ஃபென்டனில் என்ற வலி மருந்தின் ஒட்டுப்பட்டையைப் போட்டால் அதன் பலன் தெரியவே அரை நாளுக்கு மேல் ஆகும். இப்படிப்பட்டவரிடம் எந்த இடைவெளி வைத்தாலும் பிழைதான்.

அளவுகோல்:
அப்படிப்பட்டவர்களை மறுசோதனையில் சேர்க்கக் கூடாது என்பதுதான் என் பேச்சே. இடைவெளியில் மருந்தின் அளவோ சிகிச்சையோ மாறாதவர்களைப் பிரித்தெடுத்து, வலி கூடியதா, குறைந்ததா, அப்படியே இருக்கிறதா என்று தனியாக ஒரு கேள்வி கேட்டு, அப்படியே இருப்பதாகச் சொன்னவர்களின் விடைகளை மட்டும் ஒப்பிட வேண்டும். நிலையான நோயாளிகளிடம் சோதியுங்கள் என்று, வினாத்தாள்களின் தரத்தை மதிப்பிடும் காஸ்மின் அளவுகோல்கள் கேட்பதும் இதற்காகத்தான். ஒப்பிடும்போது, எண்கள் சேர்ந்து ஏறி இறங்குவதை மட்டும் பார்க்கும் பியர்சன் ஒட்டுறவைப் போட்டு ஏமாற்றக் கூடாது. எல்லோரும் இரண்டாம் முறை 2 புள்ளி கூட்டிச் சொன்னாலும் பியர்சன் கெழு 1 என்றே காட்டும். எண்கள் உண்மையில் ஒத்துப்போவதைப் பார்க்கும் ஐ.சி.சி. (உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு) வகை வேண்டும். 'இப்போதைய வலி' என்ற கேள்வி ஆடுவது இயல்பு. 'மிக மோசமான வலி' ஆடினால் கவலைப்பட வேண்டும். இந்தக் கேள்விகளைத் தனித்தனியே பார்க்காமல் ஆல்ஃபா என்ற ஒற்றை எண்ணில் எல்லாவற்றையும் மூடிவைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

தரவுமேசை:
இவ்வளவு எழுதிவிட்டீர்கள், எத்தனை நாள் என்று மட்டும் எழுதவில்லை.

காரணி:
இடைவெளியை விடுங்கள், அடிப்படையே சரியில்லை. வலியின் கடுமைக்கு 4 கேள்விகள், வாழ்க்கையில் வலி குறுக்கிடுவதற்கு 7 கேள்விகள். இரண்டும் இரண்டு அளவுகள். பதினொன்றையும் ஒன்றாகக் குவித்து ஆல்ஃபா கணக்கிட்டால், கேள்விகளின் எண்ணிக்கை கூடுவதாலேயே அது உயர்ந்துவிடும். எந்தக் கேள்விகள் ஒரே குழுவாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு எங்கே? சில மொழிகளில் குறுக்கீடு என்பதே செயல்பாடு, மனநிலை என்று இரண்டாகப் பிரிந்து மூன்று காரணிகள் வந்திருக்கின்றன.

தரவுமேசை:
கடுமைக்கும் குறுக்கீட்டுக்கும் தனித்தனியாகவே ஆல்ஃபா கணக்கிட வேண்டும் என்று என் பதிவின் மூன்றாம் பத்தியில் தெளிவாக எழுதியிருக்கிறேன். படிக்காமல் பதில் எழுதுவது இந்த இழையில் தொற்றுநோயாகிவிட்டது. ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற முந்தைய விவாதத்திலும், ஒரு கேள்விக்குப் 10 பேர் என்ற பழைய விதியை நான் வேதமாகச் சொன்னதாகக் காரணி திரித்து எழுதினார். இன்றுவரை அதைத் திருத்தவில்லை.

காரணி:
திரிக்கவில்லை, சொன்னதைத்தான் சொன்னேன். அந்த விதிப்படி 11 கேள்விகளுக்கு 110 பேர் வந்ததும் சேகரிப்பை நிறுத்தலாம் என்றவர் நீங்கள்தான். அவர்களில் பாதிப் பேர் குறுக்கீட்டுக் கேள்விகளுக்கெல்லாம் 0 போட்டிருந்தால் காரணிகள் எங்கிருந்து வரும்?

படுக்கையருகே:
பல ஆண்டுகளாக நோயாளிகளுக்குக் கேள்விகளை வாசித்துக் காட்டும் அனுபவத்தில் சொல்கிறேன்: தானே எழுதும் விடைக்கும், குடும்பத்தார் சூழ்ந்திருக்கச் சொல்லும் விடைக்கும் வேறுபாடு உண்டு. முதல் முறை நோயாளி தானே நிரப்பி, மறுசோதனையில் நாங்கள் வாசித்துக் காட்டினால், அந்த ஐ.சி.சி. யாருடைய நம்பகத்தன்மையைக் காட்டும்? ஆய்வு செய்பவர்கள் யாரும் எங்களிடம் இதைக் கேட்பதே இல்லை.

அளவுகோல்:
இது முக்கியமான கேள்வி. இதுவும் மறுசோதனை வைத்தால் மட்டுமே வெளிச்சத்துக்கு வரும் என்பதைத் தரவுமேசை கவனிக்கட்டும். இடைவெளியைச் சொல்லவில்லை என்கிறார். சொல்கிறேன். 24 மணி நேரத்தைக் கேட்கும் தாளுக்கு, முதல் விடையின் காலம் முழுதாகக் கடந்த பிறகு, இரண்டு முதல் மூன்று நாள்களுக்குள் வைக்க வேண்டும். பல வினாத்தாள்களுக்குப் பொருந்தும் இரண்டு வாரம் இங்கே பொருந்தாது. அதை நான் எப்போதும் கேட்டதில்லை. மருந்து மாறியவர்களை நீக்கினால் எண்ணிக்கை குறையும், ஆய்வுக்குச் சேர்ப்பது நீளும், வேலை கூடும். அந்த வேலையைத் தவிர்ப்பதற்கு வலியின் மாறும் இயல்பைக் காரணமாகக் காட்டுவதை மட்டும் நான் ஒப்பமாட்டேன்.

தரவுமேசை:
மூன்று நாள்களில் மருந்தே மாறாத, வலியும் மாறாத, தாளை மீண்டும் நிரப்பும் தெம்பும் உள்ள நோயாளிகளை மட்டும் பொறுக்கினால், உங்கள் ஐ.சி.சி. நலமாக இருப்பவர்களைப் பற்றியதாகவே இருக்கும். கடும் வலியில் இருப்பவர்களுக்கு அந்தத் தாள் நம்பகமானது என்று அதைக் கொண்டு எப்படிச் சொல்வீர்கள்? 1995-இல் வந்த, செர்லின் குழுவின் புற்றுநோய் வலி ஆய்வு 7 முதல் 10 வரையிலான எண்களைக் கடும் வலி என்று வகுத்தது. அந்த வகையில் மருந்தை மாற்றாமல் மூன்று நாள் காத்திருப்பது அறமா?

அளவுகோல்:
மருந்தை நிறுத்திவைக்கச் சொல்லவில்லை. மாறியவர்களைக் கணக்கிலிருந்து நீக்கச் சொன்னேன். இதை மூன்றாம் முறையாக எழுதுகிறேன். கடும் வலியில் இருப்பவர்களுக்குக் குறைந்த இடைவெளி வேண்டுமென்றால் ஒரு நாளாக்குங்கள், காரணத்தையும் எழுதுங்கள். மறுசோதனையே வேண்டாம் என்ற உங்கள் வரி இன்னும் அப்படியே நிற்கிறது.

தரவுமேசை:
நிற்கட்டும். அதை நான் நீக்கப்போவதில்லை.