மறு: சியோலைட்டில் ‘சட்டகப் பதிலீடு’

வணக்கம். சியோலைட் (நுண்துளைகள் கொண்ட அலுமினோசிலிக்கேட் படிகம்; அதன் அணுக்கூட்டமைப்பே ‘சட்டகம்’) பற்றிய கலைச்சொற்கள் குறித்து நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

> ‘உலோக அயனிப் பதிலீடு’ என்ற ஒரு சொல்லே போதாதா?

போதாது ஐயா. சோடியம் வடிவ இசட்எஸ்எம்-5 (ஒரு சியோலைட் வகை) தூளை 1 மோலார் அம்மோனியம் நைட்ரேட்டில் 80 டிகிரியில் கலக்கி, வடிகட்டிக் கழுவி, இதையே மூன்று தடவை செய்து 500–550 டிகிரியில் சுட்டால் அமில வடிவம் வரும். மாறியது துளைக்குள் இருந்த சோடியம்தான். அதற்கு ‘அயனிப் பரிமாற்றம்’ இருக்கிறது. சட்டகத்தில் அலுமினியத்தின் இடத்தில் காலியமோ இரும்போ போரானோ (உலோகமல்ல, ஆனாலும் இந்தக் கணக்கில்தான் வரும்) உட்காருவது வேறு. பெரும்பாலும் படிகம் வளரும்போதே நடப்பது. ‘சட்டகப் பதிலீடு’ அதற்கு மட்டும்.

> படிக உரு மாறுவதில்லை. ‘ஒத்துருப் பதிலீடு’ எனலாமே?

உரு மாறாது, அளவு மாறும். போரான் புகுந்தால் அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறு அலகு) சுருங்கும், டைட்டேனியம் புகுந்தால் விரியும். எக்ஸ்கதிர் விளிம்பு விளைவில் நாம் தேடுவதே அதைத்தானே.

> உள்ளே போகாமல் தங்கிய உலோகம்?

‘சட்டகப்புற’ என்ற அடைமொழி போதும். இரும்பில் கண்ணுக்கே தெரியும்: தூள் வெள்ளையாக இருந்தால் உள்ளே, பழுப்பானால் ஆக்சைடாக வெளியே. படிகம் வளரும் காரக் கூழில் இரும்பு உப்பை நேராக ஊற்றினால் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும். முதலில் அமிலக் கரைசலில் சிலிக்கேட்டோடு கலந்து, பிறகு காரத்தன்மையை ஏற்ற வேண்டும். சுடும்போது தூளைத் தடிமனாகக் குவித்தாலும் கெடும்; நீராவி தேங்கி, உட்கார்ந்த உலோகத்தையும் வெளியே தள்ளும். டைட்டேனியத்துக்குப் புறஊதா நிறமாலை: 210 நானோமீட்டர் அருகே சட்டகம், 330 அருகே அனடேஸ் (சட்டகத்துக்கு வெளியே உருவான டைட்டேனியம் டைஆக்சைடு).

‘அமிலத்தன்மை கூடியது’ என்று மொட்டையாக எழுதுவதையும் விடுவோம். வலிமை வேறு, மையங்களின் எண்ணிக்கை வேறு. பால ஹைட்ராக்சிலின் (சிலிக்கனுக்கும் பதிலீட்டு அணுவுக்கும் இடையே நின்று புரோட்டானைத் தரும் OH) அகச்சிவப்புப் பட்டை அலுமினியத்துக்கு 3610 செ.மீ.⁻¹, காலியத்துக்கு 3620, இரும்புக்கு 3630, போரானுக்கு 3725 சுமார். எண் ஏற ஏற வலிமை இறங்கும். நான்கு இணைதிறன் டைட்டேனியத்தில் மின்சுமைக் குறை இல்லை, எனவே ஈடுசெய்யும் புரோட்டானும் இல்லை. லூயிஸ் அமிலம் (புரோட்டான் தராமல் எலக்ட்ரான் இணையை ஏற்பது) மட்டுமே.

---

வணக்கம் அம்மா.

‘சட்டகப் பதிலீடு’ எனக்குச் சம்மதம். ஆனால் விளக்கக் குறிப்பில் ‘சட்டகத்தை மாற்றினால்தான் அமிலம் மாறும்’ என்ற தொனி வந்துவிடக் கூடாது. ஒய் வகைச் சியோலைட்டில் லாந்தனத்தைப் பரிமாற்றினால், அது தன்னோடு ஒட்டிய நீரைப் பிளந்து புரோட்டானைச் சட்டக ஆக்சிஜனுக்குத் தருகிறது. சட்டகத்தில் ஓர் அணுகூட மாறவில்லை. பெட்ரோலிய வினையூக்கிகள் பலவும் இந்த வகைதான். பரிமாற்றத்தின் கீழ் இதற்கு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.