கோவை 2070 படத்தில் எதற்கு இத்தனை மழை?

நொய்யல்வாசி:
வாட்ஸ்அப்பில் சுற்றும் 'கோவை 2070' ஏஐ படங்களைப் பார்த்தீர்களா? காந்திபுரத்துக்கு மேலே பறக்கும் கார், ஊதா நியான், கொட்டும் மழை, பலகையில் தமிழ் மாதிரி ஏதோ கிறுக்கல். 1982-ல் வந்த 'பிளேட் ரன்னர்' என்ற ஹாலிவுட் எதிர்காலக் கதைப் படத்தின் லாஸ் ஏஞ்சலீஸ்தான் இது. அதில் இருட்டும் மழையும் புகையுமாக நிரப்பியதற்கு ஒரு காரணம், ஸ்டுடியோவின் பழைய தெரு செட் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பது. செட்டை மறைக்கப் பெய்த மழை, மலைக்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கும் நம் ஊருக்கு எதற்குங்க?

பீளமேடு பிக்சல்:
படம் போடுவதுதான் என் பிழைப்பு அண்ணா. 'எதிர்கால நகரம்' என்று மொட்டையாகக் கேட்டால், இணையத்தில் குவிந்திருப்பதைத்தானே கருவி திருப்பித் தரும்? பல்லடம், மத்தியான வெயில், கணவாய்க் காற்று, காற்றாலை, விசைத்தறிக் கூடம் என்று கேட்டுப் பார்த்தேன். அருமையாக வந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவுநூல் மட்டும் இல்லை.

சென்னிமலை தறி:
பாவு இல்லாத தறியா! நல்லா இருக்குதுங்க. துணியில் பூவேலை விழத் தறிமேல் மாட்டுவது ஜக்காடு பெட்டி. 1804-ல் பிரான்சில் வந்த அதில் ஓட்டை போட்ட அட்டைதான் எல்லாம். ஓட்டை இருந்தால் கொக்கி பாவைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பூவும் மயிலும் அப்படித்தான் விழுகிறது. கம்ப்யூட்டருக்கு முன்னோடியான கணக்குப் பொறிக்கு இங்கிலாந்துக்காரர் பாபேஜ் எடுத்துக்கொண்டதும் அந்த அட்டையைத்தான். அந்த வழியில் வந்த கம்ப்யூட்டருக்கு ஒரு தறி போடத் தெரியவில்லை.

பவானிக்காரி:
மழையும் தறியும் இருக்கட்டும். சுஜாதா எண்பதுகளில் எழுதிய 'என் இனிய இயந்திரா' 2021-ல் நடக்கிற கதை. நாட்டை ஆளும் ஜீவா கடைசியில் வெறும் ஹாலோகிராம் (படிக்காதவர்கள் மன்னிக்கவும்). ஊர் எப்படி மின்னும் என்பதைவிட, பிம்பத்தை ஆள் என்று நம்பும் கூட்டம்தான் அதில் முக்கியம். இங்கே அவிநாசி ரோட்டோரம் ஒரு மனை விளம்பரம்: ஏரிக்கரை வீடு, ஏரியில் அன்னம். போய்ப் பார்த்தால் ஏரியே இல்லை, சோளத்தட்டு நிற்கிறது. வாங்கியவர்கள் படத்தை நம்பித்தான் முன்பணம் கட்டினார்கள்.

பீளமேடு பிக்சல்:
அது விற்கிறவர் புரட்டு அக்கா. படம் என்ன செய்யும்?

பவானிக்காரி:
அன்னத்தை யாரோ உட்கார்ந்து போட்டிருக்கிறார்களே தம்பி. ஏரி எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பீளமேடு பிக்சல்:
கேட்டால் அடுத்த வேலை வராது. சரி, சென்னிமலை அண்ணா, ஜக்காடு மாட்டிய தறியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பாவு தெரியணும்.