அப்டேட்: மலைவேம்பும் கார்பன் கிரெடிட்டும்

மலைவேம்பும் தேக்கும் வச்சிருக்கோம், கார்பன் கிரெடிட்ல (மரம் காத்துல இருந்து இழுத்து வச்ச கார்பன் டை ஆக்சைடைக் கணக்குப் போட்டு விக்கிறது) காசு வருமான்னு போன பதிவுல கேட்டிருந்தேன்ல, அளக்க ஆள் வந்துட்டுப் போயிட்டாங்க. தரையில இருந்து 1.37 மீட்டர் உயரத்துல டேப்பைச் சுத்தி சுத்தளவு எடுத்து ஃபோன்ல ஏத்துறாங்க, அத வச்சு மரத்தோட எடையைக் கணக்குப் போடுறாங்க, காய்ஞ்ச எடையில ஏறக்குறைய பாதி கார்பன், அதை 3.67ஆல பெருக்கினா கார்பன் டை ஆக்சைடு, அது 1 டன் சேர்ந்தா 1 கிரெடிட். தனியா போனா இந்தக் கணக்கைச் சரிபார்க்குற ஆடிட் செலவே வர்ற காசை முழுங்கிடும், மத்த விவசாயிங்களோட குழுவாத்தான் சேரணும். முக்கியமா எத்தனை வருஷம் வெட்டக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல பாருங்க மக்களே, 6-7 வருஷத்துல பிளைவுட்டுக்குக் குடுக்கலாம்னு மலைவேம்பு நட்டவங்களுக்கு அங்கதான் இடிக்கும். வேலியோரத் தேக்கை மட்டும் கார்பனுக்கு விடலாம்ங்கிறார் அப்பா, எனக்கும் அதான் சரின்னு படுது.