வேன் டிரைவர் ஓடுறது சிரிப்பா, அழுகையா?

மூணாம்வரிசை: சாப்ளின் எடுத்து நடிச்ச மௌனப் படம் 'தி கிட்' (1921) பத்தி இங்க ஒருத்தர் திருவாய் மலர்ந்திருக்கார்: "சாப்ளின் சிரிப்பையும் சோகத்தையும் கலக்கவே இல்ல, அடுத்தடுத்து வெச்சார்." படம் பாத்துட்டா எழுதினீங்க? சார்லி எடுத்து வளர்த்த பையனை, அதான் ஜாக்கி கூகனை, அனாதை இல்லத்து வேன்ல ஏத்திட்டுப் போறாங்க, அவன் கை நீட்டிக் கதறுறான். சார்லி கூரை கூரையா ஏறி வந்து வேனுக்குள்ள குதிச்சு, அதிகாரியைத் தள்ளிவிட்டு, பையனை அணைச்சு முத்தம் கொடுக்கிறார். கண்ணீர் காயல. அதுக்குள்ள டிரைவர் இறங்கி ஓட, சார்லி துரத்துற மாதிரி பாவ்லா காட்டுறார். அவன் நின்னு திரும்பினா, சார்லி காலை ஓங்கித் தரையில ஒரு தட்டு. மறுபடி ஓட்டம். இது கலப்பு இல்லாம வேறென்ன?

கைத்தடி: எழுதினது நான்தான். முத்தம், அதுக்கப்புறம் டிரைவர். 'அப்புறம்'னா அடுத்தடுத்துதானே?

மூணாம்வரிசை: அந்தக் காலைத் தட்டுறது வெறும் வேடிக்கையா? பிள்ளையைப் பிடுங்கினவன் மேல ஆத்திரம் இன்னும் அடங்கல. அழுகையோட மிச்சம்தான் காலுக்கு இறங்குது. டிரைவரை எடுத்துடுங்க, வெறும் அழுகைப் படம். முத்தத்தை எடுத்துடுங்க, அந்தக் காலத்து கீஸ்டோன் கம்பெனியோட எந்தக் காமெடிக் குறும்படத்துலயும் வர்ற துரத்தல். 1971-ல் சாப்ளினே படத்தைச் சுருக்கினப்போ எட்னா பர்வையன்ஸ் வர்ற அம்மா காட்சிகள்லதான் கத்திரி வெச்சார். டிரைவர் தப்பிச்சான். ஏன்?

பழையபுரொஜக்டர்: ரெண்டு பேரும் எந்த வேகத்துல பாத்தீங்க? மௌனப் படங்களைப் பெரும்பாலும் இப்ப உள்ள 24 ஃப்ரேமை விட மெதுவாத்தான் எடுத்தாங்க. 35 எம்.எம். 1000 அடி ரீல், விநாடிக்கு 16 ஃப்ரேம்னா 16 நிமிஷம் 40 விநாடி. அதையே 24-ல ஓட்டினா 11 நிமிஷம் சொச்சம். ஒன்றரை மடங்கு வேகத்துல அழுதா கூகன் முகமும் கோமாளி முகம்தான். 24-ல ஓடுற காப்பின்னா பிளேயர்ல 0.75 வைங்க, 18 வரும்.

கைத்தடி: வேகத்தை யார் கேட்டா? இன்னொரு மௌனப் படக் காமெடியன் பஸ்டர் கீட்டன் பத்தின இழையிலயும் இதே புராணம். சரி, 'சிட்டி லைட்ஸ்' (1931) கடைசிக் காட்சி. முன்னாடி கண் தெரியாம இருந்த பூக்காரி, சார்லி கையைத் தொட்டு ஆளை அடையாளம் கண்டுக்கிறா. அங்க எந்த டிரைவர் ஓடுறான்?

மூணாம்வரிசை: சரியா வந்து மாட்டினீங்க. அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி பேப்பர் விக்கிற பையன்கள் சார்லி கால்சட்டைக் கிழிசல்ல தொங்குற துணியை இழுக்கிறாங்க. அதைப் பிடுங்கி மூக்கைத் துடைச்சு, மடிச்சு மேல்பாக்கெட்ல செருகிக்கிறார். கடைக் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து அதைப் பாத்து சிரிக்கிறது யாரு? அந்தப் பூக்காரியேதான்! நாமளும் அவகூட சேர்ந்து சிரிச்சோம். அதனாலதான் அடுத்த நிமிஷம் தொண்டை அடைக்குது.

கைத்தடி: "ஒரு நிமிஷம் முன்னாடி." நீங்களே சொல்லிட்டீங்க. அடுத்தடுத்து.

மூணாம்வரிசை: சாம்பார்ல பருப்பும் புளியும் ஒரே நொடியிலயா போடுறாங்க? டிரைவருக்குப் பதில் சொல்லுங்க.

கைத்தடி: சமையல் குறிப்புக்கு வேற இழை இருக்கு.

பழையபுரொஜக்டர்: வேகம் என்னன்னு இன்னும் யாரும் சொல்லல.

மூணாம்வரிசை: டிரைவர்.