லோ சால்ட் சாயம் பட்டறைக்கு ஒத்து வருமா?

நொய்யல்கரை: பருத்தித் துணியில் அடர் நிறம் ஏற்ற லிட்டருக்கு 60, 80 கிராம் உப்பு கொட்டுகிறோம். நூலோடு வினைபுரிந்து பிடிக்கும் ரியாக்டிவ் சாயங்களில் புதிய லோ சால்ட் வகைக்குப் பாதி உப்பே போதும் என்கிறார்கள். 2011 ஜனவரியில் சாயக்கழிவுக்காக உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதைப் பார்த்த பிறகும் ஏன் மாறக் கூடாது?

டையிங் மாஸ்டர்: தம்பி, உப்பை எதுக்குப் போடறோம்? தண்ணியில பருத்தியும் நெகட்டிவ், சாயமும் நெகட்டிவ். அந்தத் தள்ளலை அடக்கத்தான். உப்பு குறையணும்னா சாயத்துக்கே ஒட்டுற குணம் அதிகமா வேணும். சாயம் நூல்ல புடிக்கறதுக்குச் சோடா போட்டதும் தண்ணியோட சேர்ந்து வீணாப் போற சாயமும் அதே மாதிரிதான் ஒட்டிக்கும். அதை எடுக்கக் கொதிசோப்பு இன்னொரு தடவை ஓட்டணும். உப்புல மிச்சம் புடிச்ச காசு நீராவிச் செலவுல போயிரும்.

சாய ஆய்வகம்: மாஸ்டர் அண்ணா, வீணாவதே குறைந்தால்? இவற்றில் பல பைஃபங்ஷனல். ஒரு முனை தண்ணீரோடு வினைபுரிந்து கெட்டாலும் மறுமுனை நூலைப் பிடிக்கும். பழைய ஒற்றை முனைச் சாயம் பலவற்றில் 60, 70 சதவீதம்தான் துணியில் நிற்கிறது. இதில் 80ஐத் தாண்டும். கழுவ வேண்டியதே கொஞ்சம்தான்.

டையிங் மாஸ்டர்: அது லேப் டிப், ஆய்வகத்துல சின்னத் துண்டுல சாயம் ஏத்திப் பார்க்கற கணக்கு அம்மணி. சாஃப்ட் தண்ணி, சுத்தமான உப்பு. எங்களுக்கு வர்றது சுத்திகரிப்பு நிலையத்துல மீட்ட உப்புத் தண்ணி. அதுல காரம் மிச்சம் இருந்தா சோடா போடறதுக்கு முன்னாலேயே சாயம் புடிச்சு, துணி திட்டுத் திட்டா வரும். அதுவுமில்லாம, உப்பைத்தான் மீட்டுத் திரும்பப் போடறமே, குறைச்சு என்ன லாபம்?

நொய்யல்கரை: எல்லா உப்பும் திரும்புவதில்லை அண்ணா. எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று உழவர்கள் சொன்ன ஊர் இது. கொதிசோப்புச் செலவோடு மட்டும் இதை ஒப்பிடாதீர்கள்.

சாய ஆய்வகம்: மீட்ட தண்ணீரிலேயே சோதிக்க வேண்டும் என்பது நியாயம். அடர் நேவியில் தொடங்கலாம். சோப்பிங் முடிந்த துணிமேல் நனைத்த வெள்ளைத் துணியை 10 முறை தேய்த்து, ஏறிய கறையை 1 முதல் 5 வரை (5 என்றால் கறையே இல்லை) மதிப்பிடும் கிரே ஸ்கேலில் பார்த்தால் ஒட்டிய சாயம் போனதா என்று தெரிந்துவிடும்.

டையிங் மாஸ்டர்: நேவிக்குச் சரி. டர்க்காய்ஸுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். பெரிய மூலக்கூறு, சாதாரணமாவே சரியா ஏறாது. நேவியிலும் ஒரே மெஷின்ல அடுத்தடுத்த பேட்ச் ஷேடு மாறாம வரணும். ஈரத் தேய்ப்புல 3க்குக் கீழ போய் பையர் சரக்கைத் திருப்பினா, அந்த நஷ்டத்தைச் சாயம் வித்தவங்க ஏத்துக்குவாங்களா? அதை எழுத்துல வாங்கிட்டு வாங்க, மெஷின் ஒதுக்கித் தர்றேன்.